செருப்பை எண்ணிச் சோற்றைக் காத்தவர்

மாதக்காவைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சங்கடம் தரும் இடங்களையும் விடாமல் எழுதுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. அவரை அறிந்த உங்களில் பலர் அவரைப் பற்றிப் பத்து நல்ல விஷயங்களைச் சொல்லிவிட்டு, பதினொன்றாவதாக, "என்ன, அந்த ஒரு கல்யாணத்துல மட்டும் எண்ணிக்கை தப்பிட்டாங்க" என்று முடிக்கிறீர்கள். அந்தக் கல்யாணத்தில் நடந்தது முழுவதும் இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருவர் போய்விட்டார். இன்னொருத்தி நான்.

செய்தி வியாழக்கிழமை காலையில் வந்தது. எங்கள் வரிசையில் பக்கத்து வீட்டில் மட்டும்தான் போன் உண்டு. நான் சடை பின்னிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு மாமி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். பேசியது பொன்னியக்கா. விஜயநகரில் புது வீடுகள் கட்டுகிற இடத்தில், தகரக் கொட்டகைகளில் இருக்கும் மேஸ்திரியின் மனைவி. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார்.

"கண்ணு, மாதக்கா நேத்து சாயங்காலம் தவறிப்போச்சு. ஊதுபத்தி உருட்டிக்கிட்டே இருந்துச்சாம். அப்படியே சாஞ்சிருச்சாம்."

ரிசீவரைப் பிடித்தபடி அழுதேன்.

"இந்தா, அழாத. அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. ஞாயித்துக்கிழமை மண்டபத்துல கல்யாணம் வருதே, சோறு எடுக்க யாரு போறது?"

பொன்னியக்கா கல்நெஞ்சுக்காரர் அல்ல. அப்படிக் கேட்டபோது அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. மாதக்கா உயிரோடு இருந்து வேறு யாராவது இறந்திருந்தால், அவரும் அதையேதான் கேட்டிருப்பார் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

மாதக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்திலிருந்து வந்தவர். தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஊதுபத்திக் கிடங்கில் வேலை பார்த்தார். உருட்டுகிற அளவுக்குத்தான் கூலி. முகூர்த்த நாட்களில் அவர் மண்டபத்துக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று என்று அர்த்தம். அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கிடங்கில் கூட வேலை பார்த்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சமையற்கட்டுக்குள் நுழையும் முன் புளியைக் கரைத்து முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். "சோத்துல சாமியறை வாசம் அடிச்சா கொழந்தைக திங்காதுங்க" என்பார்.

எங்கள் பள்ளியின் சேவைக் குழுவிலிருந்து ஐந்து பெண்களை முதன்முதலாக அந்தக் கல்யாண மண்டபத்துக்கு அனுப்பியபோது நான் எட்டாம் வகுப்பு. மீந்த உணவைச் சேகரித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் ஓர் அம்மா இருக்கிறார், அவருக்கு உதவுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நாங்கள் போனபோது வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளுக்கு நடுவே ஒரு பெண்மணி குனிந்து நின்றிருந்தார். ஒரு ஜோடியைப் புரட்டிக்கூடப் பார்த்தார்.

"ஏய், செருப்புத் திருடி போலிருக்குடி," என்றாள் என் தோழி சுமதி. மெதுவாகச் சொன்னதாகத்தான் அவள் நினைப்பு.

அந்த அம்மா நிமிரவே இல்லை. "திருடறதா இருந்தா இந்தப் பிஞ்சதையா எடுப்பன், அம்மிணி? அக்கட்டால இருக்குது பாரு, பளபளன்னு, அதையில்ல எடுப்பன்," என்றார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு அவர் தன் எண்ணும் வித்தையைச் சொல்லக் கேட்டு வாயைத் திறந்தபடி நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர் செருப்பைப் பார்த்துச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சொல்வார். பத்திரிகை எத்தனை அடித்தார்கள் என்பதை அவர் கேட்பதில்லை. செம்மண் ஒட்டிய செருப்பு என்றால் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், நிச்சயம் இருந்து சாப்பிடுவார்கள். பாலீஷ் போட்ட ஷூ என்றால் ஆபீஸ்காரர்கள், பாதிப் பேர் பரிசைக் கொடுத்துவிட்டுப் பர்மிஷன் நேரம் முடிவதற்குள் ஓடுவார்கள். குழந்தைச் செருப்பு மூன்றுக்கு ஒரு இலை. வெறுங்காலோடு வரும் கிழவிகளை முகம் பார்த்து எண்ண வேண்டும். இப்படிக் காலையில் ஒரு தடவையும் தாலி கட்டும் நேரத்தில் ஒரு தடவையும் எண்ணிவிட்டு, நேராகத் தலைமைச் சமையற்காரர் நாகண்ணாவிடம் போவார்.

"நாகண்ணா, ஆயிரம் பேருக்குன்னு ஒலை வெச்சிருக்கறீங்க. எழுநூறு தாண்டாதுங்க. கடைசி ரெண்டு மூட்டையக் கழுவாதீங்க."

"மாதம்மா, தப்பாச்சுன்னா என் மானம் ஹோகுத்தே, போயிடுமே!" என்று கன்னடம் கலந்து பதறுவார்.

"தப்பாகாதுங்க."

தப்பாகவில்லை. நான் பார்த்து ஒரு தடவைகூடத் தப்பாகவில்லை. கழுவாமல் விட்ட மூட்டைகளைப் பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொள்வார். சமைத்து வீணாகியிருக்க வேண்டிய அரிசி என்பதால் அவர்களும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். மீந்த உணவைச் சுமக்கும் ஒருவரைப் பார்க்கப் போன எனக்கு, மீந்து போகாமலேயே தடுக்கும் ஒருவரைப் பார்த்தது பெரிய ஆச்சரியம். "வடிச்ச சோத்துக்கு ஒரு நாளுதான் உசுரு. வடிக்காத அரிசி வருசம் பூராத்துக்கும் இருக்கும்," என்று அதற்கு விளக்கம் சொன்னார்.

சமைத்த உணவையும் அவர் எடுத்துக்கொண்டுதான் போவார். ஆனால் அதிலும் ஒரு பிடிவாதம். முதல் பந்திக்கு இலை போடுவதற்கு முன்னாலேயே விஜயநகர்க் கொட்டகைகளில் இருந்த கட்டட வேலைக்காரர்களின் பங்கை அளந்து தனிக் குண்டான்களில் எடுத்து வைத்துவிட வேண்டும். பந்தி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க மாட்டார். "இலை போடறதுக்கு முன்னால எடுத்தா அது சாப்பாடுங்க. அப்பறமா வழிச்சுக் குடுத்தா மிச்சமுங்க. அவியளும் இந்தக் கல்யாணத்துக்கு வந்த சனம்தானுங்க, என்ன, அங்க உக்காந்து சாப்படறாங்க." இதை அவர் கெஞ்சியும் சொல்வதில்லை, சண்டையாகவும் சொல்வதில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்வார்.

கிடைத்த அரிசியைக் கொட்டகைக் காவலாளியின் அறையில் இருந்த இரண்டு பெரிய ட்ரம்களில் நிரப்பி வைப்பார். ஆனி, ஆடியில் வரும் ஆஷாட மாதத்தில் இந்த ஊரில் கல்யாணம் கிடையாது. மழை பிடிப்பதும் அப்போதுதான். மழையில் கான்கிரீட் போட மாட்டார்கள். வேலை நின்றால் கூலியும் நிற்கும். கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள் பட்டினி கிடக்கும் மாதம் அதுதான். வைகாசியில் ட்ரம் நிறைந்தால் ஆஷாடத்தில் அடுப்பு எரியும். அவருடைய வருஷம் முழுவதும் அந்த ஒரு மாதத்தை நோக்கியே நடந்தது என்று சொல்லலாம்.

இனி அந்தக் கல்யாணம். நான் ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. காலையிலிருந்து மழை. மாதக்கா கட்டி வைத்த ஊதுபத்திக் கட்டுகளைக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு வர வேண்டியிருந்தது. என்னிடம் சொன்னார்: "அம்மிணி, இன்னிக்கு நீ எண்ணு. வாசல்ல எண்ணீட்டு, மண்டபத்தச் சுத்தி ஒரு நடை நடந்து பாத்துப்போடு. சுத்தாம விட்றாத."

வாசலில் ஒழுங்காக எண்ணினேன். செம்மண், ஷூ, குழந்தைச் செருப்பு என்று பிரித்துக்கூட எண்ணினேன். ஆனால் சுற்றி நடக்கவில்லை. என் பையில் நூலகப் புத்தகம் ஒன்று இருந்தது. நாற்பது பக்கம் பாக்கி. மழைக்கு ஒதுங்கித் தூணில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தேன். கதை நல்ல கட்டத்தில் இருந்தது. இதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்கு இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மாதக்கா நனைந்தபடி வந்தார். எண்ணிக்கையைச் சொன்னேன்.

"சுத்திப் பாத்தியா?"

"பாத்தேன்கா."

அவர் உள்ளே போய் நாகண்ணாவிடம் அந்த எண்ணிக்கையைத் தன் எண்ணிக்கையாகச் சொன்னார். கடைசி இரண்டு மூட்டைகள் கழுவப்படவில்லை. கொட்டகைக்காரர்களின் பங்கு லக்கேஜ் ஆட்டோவில் ஏறியது. சமையல் முடிந்து அடுப்புகளை அணைத்தார்கள். மழை கொஞ்சம் விடட்டும் என்று ஆட்டோக்காரர் காத்திருந்தார்.

மண்டபத்தின் முன்புறம் தண்ணீர் தேங்கியதால், மாப்பிள்ளை வீட்டாரின் இரண்டாவது பஸ் சாமராஜநகரிலிருந்து வந்து பின் கேட்டில் நின்றிருந்தது. சேறாகிவிட்ட செருப்புகளைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, சமையற்கட்டுக்குப் பக்கத்துப் படி வழியாக அறுபது பேர் மாடிக்குப் போயிருந்தார்கள். ஒரு நடை நடந்திருந்தால் அந்தப் பஸ்ஸைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

அந்த அறுபது பேரும் இரண்டாவது பந்தி முடிந்ததும் இறங்கி வந்தார்கள். பரிமாறச் சோறு இல்லை. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "பொண்ணு வீட்டுல சோறு இல்லேன்னா மொதல்லயே சொல்றது! நாங்க ஊர்லயே சாப்பிட்டுட்டு வந்திருப்போமே!" என்றார். பெண்ணின் அப்பா துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுபடி உலை வைத்தாலும் முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை சம்பந்தி வீட்டாரைக் காலி இலைக்கு முன்னால் உட்கார வைப்பதா?

நாகண்ணா சமையற்கட்டிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். "மாதம்மா! ஏனாயித்து இது, என்ன ஆச்சு? யாரு எண்ணினது?"

நான் மாதக்காவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானுங்க. தப்பிப் போச்சுங்க," என்றார். அடுத்த மூச்சில், "ஆட்டோவ விட்றாதீங்க. குண்டானெல்லாம் எறக்குங்க," என்றார்.

கொட்டகைக்காரர்களுக்கு எடுத்து வைத்த சோறும் சாம்பாரும் கூட்டும் அந்த அறுபது இலைகளுக்குப் போயின. போதுமானதாகவே இருந்தது. மாமா இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டார். அது யாருடைய சாப்பாடு என்று அவருக்குத் தெரியாது.

பந்தி முடிந்ததும் நாகண்ணா மாதக்காவிடம் வந்தார். இந்தத் தடவை கத்தவில்லை. "உன்ன நம்பித்தானே அடுப்ப அணைச்சேன். இனிமே இந்தப் படி ஏற வேண்டாம்," என்றார். பெண்ணின் அப்பா கழுவாத இரண்டு மூட்டைகளையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார். அதைக் கேட்க யாருக்கும் முகம் இல்லை.

காலிக் குண்டான்களோடு நாங்கள் கொட்டகைக்குப் போனோம். எல்லோரும் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆட்டோவிலிருந்து இறங்கவில்லை. மாதக்கா இறங்கிப் போய், சுற்றி வளைக்காமல், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சோறு போதவில்லை, உங்கள் சோற்றைப் போட்டுவிட்டேன் என்றார்.

 பிறகு சித்தாள் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப இன்னிக்கு நாமதான் அவங்களுக்கு விருந்து வெச்சிருக்கோம்!"

"வெச்சதுதான் வெச்சோம், ஒரு வார்த்த சொல்லிட்டு வெச்சிருந்தா நானும் பட்டுச்சேல கட்டிட்டு வந்து பரிமாறியிருப்பேனே," என்றார் பொன்னியக்கா. "ஏக்கா, பொண்ணு மாப்பிள்ளய சாயங்காலம் இப்படி வந்து கால்ல விழுந்துட்டுப் போவச் சொல்லு."

பசியோடு உட்கார்ந்து அப்படிச் சிரித்தவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் ஆஷாட ட்ரம்மை முதல் தடவையாக வைகாசியிலேயே திறந்தார்கள். மாதக்கா மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினார். குழந்தைகள் சாப்பிடும்போது மூன்றரை மணி.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அழுதேன். "நான் சுத்தலக்கா. படிச்சிட்டிருந்தேன்."

"தெரியும். உன்ற பாவாடைல ஒரு சொட்டுச் சேறு இல்லியே. நான்தான் அப்பவே பாத்திருக்கோணும்."

"அப்புறம் ஏன்கா நீங்க எண்ணினதா சொன்னீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "உன்ற பேரச் சொன்னா உங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைக அஞ்சு பேரயும் நிறுத்திப்போடுவாங்க. என்ற பேரச் சொன்னா என்னைய மட்டுந்தான் நிறுத்துவாங்க. சோறு தூக்கறதுக்கு ஆள் வேணுமல்லோ?" கொஞ்ச தூரம் போன பிறகு, "நெசத்தச் சொல்லோணும்னா நீயே சொல்லிக்க. எப்பச் சொல்லோணும்னு தோணுதோ அப்பச் சொல்லு. உன்றத நான் எதுக்குச் சொல்லோணும்?" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அந்த வருஷம் ட்ரம் பாதிகூட நிறையவில்லை. வைகாசியில் இன்னும் எத்தனையோ கல்யாணங்கள் அந்த மண்டபத்தில் நடந்தன. அவர் படி ஏறவில்லை. ஆஷாடம் வருவதற்குள் அரிசி சேர்க்க மார்க்கெட்டைச் சுற்றியிருந்த கடைகளுக்குப் போனார். நானும் பை தூக்கிக்கொண்டு கூடவே போனேன். ஒரு அரிசி மண்டிக்காரர் எங்களை நிற்க வைத்துவிட்டு, கடைக்கு வந்தவர்களிடம் சொன்னார்: "இவங்கதான், செருப்பப் பாத்துச் சோறு சொல்ற அம்மா. மண்டபத்துலயே வெளிய தள்ளிட்டாங்க. எண்ணத் தெரியாம ஒரு குடும்பத்து மானத்த வாங்கிட்டாங்கல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவருக்கு அரை அடி பின்னால் நின்றிருந்தேன். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளுக்குள் கேட்டது. என் வாய் திறக்கவில்லை.

"ஆமாங்க, தப்பிப் போச்சுங்க," என்றார் மாதக்கா. "மழ புடிச்சிருச்சு. கொழந்தைக நெறையா இருக்குதுங்க. உங்களால ஆனத குடுங்க."

அவர் குரலில் கசப்பு இல்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். மண்டிக்காரர் நொய் அரிசி ஒரு மூட்டை கொடுத்தார். மாதக்கா அதில் ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "நல்ல நொய்யுங்க. கஞ்சிக்கு இதுதான் தோது," என்று மனதாரச் சொல்லிக் கும்பிட்டார். அப்படிப் பதினோரு கடைகள். ஒவ்வொரு கடையிலும் யாராவது அந்தக் கல்யாணத்தைச் சொன்னார்கள். ஒவ்வொரு கடையிலும் அவர் "ஆமாங்க" என்றார். அந்த ஆஷாடம் முழுவதும் கொட்டகையில் நொய்க் கஞ்சிதான், ஒரு நாளைக்கு ஒரு வேளை. அந்தக் கஞ்சியை நான் ஊற்றினேன். ஒரு குழந்தை இரண்டாம் தடவை தம்ளரை நீட்டியபோது இல்லை என்று சொன்னதும் நான்தான்.

அடுத்த வைகாசியில் நாகண்ணாவே கிடங்கு வாசலுக்கு வந்து நின்றார். ஒரே முகூர்த்தத்தில் மூன்று அண்டாச் சோற்றைக் குழியில் கொட்ட வேண்டியிருந்ததாம். "வந்து சொல்லும்மா, எனக்குக் கொட்டக் கை வரல," என்றார். மாதக்கா போனார், ஒரு வருஷம் விட்டதுபோலவே காட்டிக்கொள்ளாமல். எண்ணிக்கை மறுபடி ஒரு தடவையும் தப்பவில்லை. ஆனாலும் அந்தப் பதினொன்றாவது வாக்கியம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நான் அதை ஒட்டவிட்டுவிட்டு அடுத்த வகுப்புகளுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

மாதக்கா தவறிய அந்த வார ஞாயிற்றுக்கிழமை, கொட்டகைப் பங்கை நாங்களே எடுத்து அனுப்பிவிட்டு, கல்யாணம் முடிந்த பிறகு, மத்தியானம், அதே மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அவரை நினைத்து நாங்கள் கூடினோம். கொட்டகைக்காரர்கள் வந்திருந்தார்கள், கிடங்கிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். நாகண்ணா பேசினார். அந்த அம்மா போல ஒருத்தி இனி வரமாட்டாள் என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனுஷங்கன்னா ஒரு தப்பு இருக்கும். அவங்களுக்கும் ஒண்ணே ஒண்ணு," என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்தேன்.  எண்ணியது நான், சுற்றாமல் விட்டது நான், சுற்றினேன் என்று பொய் சொன்னது நான் என்று சொன்னேன். புத்தகத்தைப் பற்றியும் சொன்னேன். மண்டிக் கடைகளைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

நாகண்ணா என் பக்கம் திரும்பினார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். "ஒரு வருஷம் படியேற விடலியே நான்," என்றார். "அவங்களும் சொல்லல. நீயும் சொல்லல. இப்ப நான் யார்கிட்டம்மா போய் மன்னிப்புக் கேக்கறது?"

  சொல்லலாம் என்று மாதக்கா கொடுத்த நேரத்தை நான் அவர் இருக்கும்போது பயன்படுத்தியிருந்தால், இந்தக் கேள்வி ஒருவர் தலையில் இப்படி விழுந்திருக்காது. உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று படித்திருக்கிறேன். எனக்கு அப்படி ஆகவில்லை. என்னிடமிருந்த பாரத்தில் ஒரு பங்கு நாகண்ணாவுக்குப் போயிற்று.

மாதக்காவைப் போலச் செருப்பைப் பார்த்து ஆட்களைச் சொல்ல எனக்கு வராது. நான் வைத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய ஒன்று. யாராவது "முடிச்சிட்டியா?" என்று கேட்டால், பதில் சொல்லும் முன் என் நாக்கு ஒரு கணம் நிற்கிறது. வீட்டுப்பாடமானாலும், அம்மா சொன்ன வேலையானாலும், அந்த ஒரு கணத்தில் உண்மையில் முடித்தேனா என்று பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். அந்த ஒரு கணம் மாதக்காவுடையது. அதை விட மாட்டேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கூடத்தை விட்டு வெளியே வந்தோம். மண்டபத்து மேனேஜர் கூடத்தை ஒரு நடை சுற்றி வந்து, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு விளக்குகளை அணைத்தார்.